நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே

எட்டு மாதம் கழித்து அந்தக் கூடத்தின் பூட்டைத் திறந்தபோது மதியம் இரண்டு மணி. சாவி போட்டதும் சுலபமாகத் திரும்பியது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை நாள் மூடிக் கிடந்த பூட்டு கொஞ்சமாவது முரண்டு பிடித்திருக்கலாம். திறக்க வரவில்லை என்று சாக்குச் சொல்லி நானும் திரும்பிப் போயிருப்பேன்.

எங்கள் மருத்துவமனையின் பின்கட்டில், துணி வெளுக்கும் அறையைத் தாண்டிப் போனால் பழைய தொற்றுநோய் வார்டு வரும். புது வார்டு கட்டிய பிறகு இதை அவசர சிகிச்சைப் பயிற்சிக் கூடமாக மாற்றினார்கள். மாற்றியது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பத்துக் கட்டில்களில் நான்கை விட்டுவிட்டு மற்றதை அள்ளிக்கொண்டு போனார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். நான்கு கட்டிலிலும் பொம்மைகளைப் படுக்க வைத்தார்கள். ஜன்னல்கள் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே. நோயாளிகள் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் யாரோ அப்படிக் கட்டியிருக்கிறார்கள். நல்ல வெயிலில்கூட அங்கே விளக்குப் போட்டால்தான் முகம் தெரியும். அன்றைக்கு வெயிலும் இல்லை, மேகம் கவிந்து கிடந்தது.

உள்ளே ரப்பரும் ஸ்பிரிட்டும் ஈரச் சுவரும் கலந்த வாடை. அதற்கடியில் இன்னொரு வாடையும் இருந்தது. முகப் பவுடர் வாடை. மூக்கு சும்மா ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டு விளக்கைப் போட்டேன்.

"வாங்க மேடம்."

பக்கவாட்டுக் கதவு வழியாக மெக்கானிக் வந்தார். கூடம் பூட்டியிருந்த நாட்களிலும் அந்தக் கதவின் சாவி அவரிடம்தான் இருந்தது. பொம்மைகளைப் பழுது பார்த்துப் பராமரிப்பவர் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக என்னோடு இருக்கிறார். வாய் ஓயாமல் பேசுகிறவர் அன்று என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எல்லாம் ரெடி. பெரியவர மட்டும் இன்னைக்கு விட்டுடலாம்."

பெரியவர் என்பது மூன்றாம் கட்டிலில் இருக்கும் பொம்மை. இருக்கிறதிலேயே விலை உயர்ந்தது. நெஞ்சுக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி, வாய்க்குள் ஸ்பீக்கர், தலைமாட்டில் ஒரு சின்னத் திரை. நீங்கள் நெஞ்சை அழுத்தினால், எத்தனை முறை அழுத்தினீர்கள், எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று திரையில் வரும்.

"அவருக்கு என்ன கேடு?"

"தானா எண்ணுறாரு."

"தானான்னா?"

"வயர கழட்டிப் போட்டிருக்கேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, துடைத்த மேஜையையே திரும்பத் துடைக்கப் போய்விட்டார்.

நான் தோண்டித் துருவவில்லை. எனக்கு அன்றைக்கு வேறு பயம் இருந்தது. நாலு மணிக்கு அம்மா வருவதாகச் சொல்லியிருந்தாள்.

தன் மகன் விழுந்த இடத்தை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடம் பூட்டிக் கிடக்கிறது, சாவி மேலதிகாரியிடம் இருக்கிறது, வெள்ளையடிக்கிறார்கள் என்று ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்தேன். கூடம் திறக்கிற நாளைத் தெரிந்துகொண்டு அவளே நேரத்தையும் சொல்லிவிட்டாள்.

அவளிடம் நான் சொல்லியிருந்த கதை இது. தம்பி வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் மயங்கி விழுந்தான். நான் பக்கத்திலேயே இருந்தேன். அடுத்த நொடியே நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிட்டோம். செய்யக்கூடியது அத்தனையும் செய்தோம்.

இதில் தாழ்வாரம் பொய். அடுத்த நொடி பொய். நான் பக்கத்தில் இருந்தது மட்டும் நிஜம்.

போன வாரமே வந்து தாழ்வாரத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். மூலை உடைந்த ஒரு தரைக்கல். அதைக் காட்டி 'இங்கதான்மா' என்று சொல்ல வேண்டும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன். என்னை என்னவென்று சொல்வது.

தம்பியை வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். அவன் பிறந்தபோது எனக்குப் பதினோரு வயது. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அம்மா வேலைக்குப் போனாள். அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தது நான். என்னைப் பார்த்து டாக்டருக்குப் படித்தான், என்னைப் பார்த்து அவசர சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தான், என்னிடமே முதுநிலைப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தான். வந்த முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டேன். வீட்டில்தான் அக்கா, ஆஸ்பத்திரியில் மேடம். அதை அவன் ஒரு நாளும் மீறியதில்லை. வேண்டுமென்றே இழுத்து 'மே...டம்' என்பான், எல்லோரும் சிரிப்பார்கள், ஆனால் இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கூடத்துக்குள் அக்கா என்று வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை.

எங்கள் பயிற்சி முறையைச் சொன்னால்தான் மற்றது புரியும். பாதிப் பாடம் பொம்மை மேல் நடக்கும். நெஞ்சை அழுத்துவது, தொண்டைக்குள் குழாய் போடுவது எல்லாம் அதில்தான். ஆனால் பொம்மை பயப்படாது. கையைப் பிடித்துக்கொண்டு 'நான் பொழச்சுப்பேனா' என்று கேட்காது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆகவே மாணவர்களில் ஒருவர் நோயாளியாக நடிப்பார். எங்கே வலி, எத்தனையாவது நிமிடத்தில் மயங்கி விழ வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். நடிக்கிறவரின் நாடியைத் தொட்டால் அது நன்றாகத்தானே துடிக்கும். அதனால் தொட வேண்டாம், மேடத்தைக் கேள் என்பது விதி. நாடி இருக்கா என்று கேட்டால் உண்டு இல்லை என்று நான் சொல்வேன். நெஞ்சை அழுத்தும் கட்டம் வந்தாலும் அழுத்தக் கூடாது. உயிருள்ள ஆளை நிஜமாக அழுத்தினால் விலா எலும்பு முறிந்துவிடும். கைகளை நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் எண்ண வேண்டும்.

இந்த விதிகளை எல்லாம் எழுதியவள் நான்தான்.

தம்பி பந்து விளையாடிக் காலை முறித்துக்கொண்டு, கட்டுப் பிரித்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம் அது. 'நிக்க முடியல, நான் படுத்துக்கறேன்' என்று அவனே கேட்டு நடிக்க வந்தான். மெக்கானிக் அவன் உதட்டில் நீலப் பவுடர் பூசினார், நெற்றியில் வியர்வைக்காகத் தண்ணீர் தெளித்தார். மாரடைப்பு வந்தவன் மாதிரி அச்சாக இருந்தான். மூன்றாவது நிமிடத்தில் மயங்கு என்று தாளில் எழுதியிருந்தேன்.

இரண்டாவது நிமிடத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டான். அவசரக்குடுக்கை என்று நினைத்தேன். டாக்டராக நடித்த பெண் என்ன செய்கிறது என்று கேட்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா," என்றான்.

நான் சொன்னேன்: "மேடம்னு கூப்பிடு. மார்க் கொறச்சிடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் கண் மூடியது.

"நாடி இருக்கா மேடம்?"

"இல்ல."

"மூச்சு?"

"இல்ல."

நான் சொன்னது எல்லாம் சரி. பன்னிரண்டு வருடத்தில் அத்தனை சரியாக எந்த நோயாளியைப் பற்றியும் நான் சொன்னதில்லை.

பிறகு அவன் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே கைகளை வைத்து எண்ண ஆரம்பித்தார்கள். முப்பது எண்ணி இரண்டு மூச்சு, முப்பது எண்ணி இரண்டு மூச்சு. வேகம் பத்தவில்லை என்று நான் அதட்டினேன். பாதியில் ஆள் மாற்றச் சொன்னேன். நாலு நிமிடம், பத்துச் சுற்று, முந்நூறு. பத்தாவது சுற்று முடிந்து கையை எடுத்தபோது, எண்ணிக்கொண்டிருந்தவனின் விரல் தற்செயலாகத் தம்பியின் கழுத்தில் பட்டது. 'மேடம், இவனுக்கு நிஜமாவே நாடி இல்ல' என்றான். உதட்டில் பூசியிருந்த நீலத்தைக் கட்டைவிரலால் துடைத்தேன். அடியிலும் நீலம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் விடாமல் செய்தோம். அவன் திரும்பவில்லை. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலில் போய் அடைத்திருந்தது. பெரிய அடைப்பு. உடனே அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டால், தெரியாது. எனக்கு அது தெரியவே போவதில்லை. 'பயிற்சிக்கு முன் மயங்கினார், சிகிச்சை உடனே தொடங்கப்பட்டது' என்று அறிக்கை எழுதியதும் நான்தான். உடனிருந்த எட்டுப் பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். மெக்கானிக்கும் போட்டார்.

இரண்டேகாலுக்குப் புது மாணவர்கள் வந்தார்கள். கடைசி வருட மருத்துவ மாணவர்கள் ஏழு பேர், முதுநிலைப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் ஐந்து பேர். வந்ததும் வராததுமாக, நாலு பேர் நாலு பேராக மற்ற மூன்று பொம்மைகளிடம் அனுப்பினேன். பெரியவரின் மேல் ஒரு வெள்ளைப் போர்வை போர்த்தியிருந்தது. அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்றேன்.

வேலை கையில் வந்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. திட்டுவதில் நான் கெட்டிக்காரி.

"முழங்கையை மடக்காத. தலையணைக்கு உறை போடவா வந்திருக்க? அழுத்து."

"ஒடஞ்சிடும்னு பயமா இருக்கு மேடம்."

"பொம்மைதான. ஒடஞ்சா மெக்கானிக் பாத்துப்பாரு. ஆளுக்கு எலும்பு ஒடஞ்சாலும் பரவால்ல, உயிர் இருந்தா எலும்பு கூடிக்கும்."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். தண்ணீர் குடித்தேன். மணி மூன்றே முக்கால். இன்னும் கால் மணி நேரம். வெளியே மழை பிடிக்கப்போகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது.

முதுநிலைக்கு வந்திருந்தவர்களில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண். அழுத்தி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? போன வருஷம் இங்க ஒரு டாக்டர் மயங்கி விழுந்தாராமே. அத்தனை டாக்டர் சுத்தி நின்னு, அடுத்த செகண்டே சி.பி.ஆர். ஆரம்பிச்சும் காப்பாத்த முடியலன்னு சீனியர்ஸ் சொன்னாங்க."

"ஆமா."

"அப்போ உடனே ஆரம்பிச்சும் பிரயோஜனம் இல்லன்னா, நாம இவ்வளவு அடிச்சுக்கறது எதுக்கு?"

கேட்டது விதண்டாவாதத்துக்கு இல்லை. அவள் முகத்தில் நிஜமான கவலை இருந்தது. என் பொய் வளர்ந்து, ஒரு வருடத்துக்குள் பாடமாகவே ஆகிவிட்டிருந்தது. பன்னிரண்டு பேரும் அழுத்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். நாளைக்கு யாரோ ஒருவருடைய பிள்ளை இவர்கள் முன்னால் விழுவான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"சில சமயம் அப்படித்தான்," என்றேன். "உடனே ஆரம்பிச்சாலும் சில பேரு..."

போர்வைக்கு அந்தப் பக்கம், பெரியவரின் தலைமாட்டில், திரை எரிந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். நான் முதலில் தரையைப் பார்த்தேன். கழற்றிய வயர் சுருட்டிப் போட்டபடி கிடந்தது. அதன் பிளக்கின் மூன்று முனைகளும் விளக்கில் மின்னின.

எண்ணிக்கை 1. ஆழம் 0.

எண்ணிக்கை 2. ஆழம் 0.

அந்தக் கருவி அப்படி எண்ணாது. அழுத்தினால்தான் எண் ஏறும். அழுத்தாவிட்டால் திரை சும்மா கிடக்கும். ஆழமே இல்லாத அழுத்தம் என்று ஒன்று அதற்குத் தெரியாது.

எண் ஏறிக்கொண்டே போனது. போர்வை அசையவில்லை. முப்பதில் நின்றது. இரண்டு மூச்சு விடுகிற நேரம் கழித்து முப்பத்தொன்றில் தொடங்கியது.

பவுடர் வாடை இப்போது நன்றாக வந்தது.

"மேடம், இது டெமோவா?" என்று ஒரு மாணவன் மெதுவாகக் கேட்டான்.

எனக்கு அந்த எண்ணிக்கையின் நடை தெரியும். முதல் நாலு சுற்று தள்ளாட்டம், நான் அதட்டிய பிறகு வேகம், பாதியில் ஆள் மாறும்போது ஒரு தடுமாற்றம். நூற்றைம்பதில் அதே தடுமாற்றம் வந்தது.

பிறகு ஸ்பீக்கர் பேசியது.

முதலில் வெறும் இரைச்சல். காதை ஒரு தலையணையில் புதைத்துக்கொண்டு கேட்பது போல, மேலே எங்கேயோ பல பேர் சேர்ந்து எண்ணுகிற குரல். யாரோ சிரிக்கிறார்கள். நாற்காலி இழுபடுகிறது. அந்தச் சத்தத்துக்கெல்லாம் மேலே, தெளிவாக, ஒரு பெண் குரல்.

'மேடம்னு கூப்பிடு. மார்க் கொறச்சிடுவேன்.'

என் குரல். எண்ண ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் சொன்னது.

அன்றைக்கு எதையும் பதிவு செய்யவில்லை. பதிவு செய்கிற பெட்டி அந்த மாதம் முழுக்கப் பழுதாகிக் கிடந்தது. அப்படியே பதிவு செய்திருந்தாலும் அது கூரையிலிருந்து கேட்ட மாதிரி இருக்கும். இது கட்டிலில் படுத்திருக்கிற ஒருவனின் காதுக்குக் கேட்ட மாதிரி இருந்தது.

அப்படியானால் அவனுக்குக் கேட்டிருக்கிறது. நான் சொன்னதும் கேட்டிருக்கிறது, அவர்கள் சிரித்ததும் கேட்டிருக்கிறது. எட்டு மாதமாக நான் கும்பிடாத தெய்வத்தை எல்லாம் கும்பிட்டது அது மட்டும் இருக்கக் கூடாது என்றுதான். உடனே நினைவு போயிருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் தூங்கினேன்.

ஒவ்வொரு முப்பதுக்குப் பிறகும், ஸ்பீக்கருக்கு வெகு அருகில், யாரோ காற்றை இழுக்க முயன்றார்கள். காற்று வரவில்லை.

முந்நூறில் திரை அணைந்தது.

பக்கவாட்டுக் கதவில் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார்.

"தினமும் இப்படித்தான் மேடம்," என்றார். "மூணு அம்பதுக்கு. முந்நூறு வரைக்கும். வயர கழட்டினாலும் நிக்கல."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா, ஏன் முந்நூறுன்னு கேப்பாங்க."

பன்னிரண்டு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்த நீலப் பவுடரைப் பூசிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டு, இந்த மனிதனை எட்டு மாதம் இந்தக் கூடத்தில் அவனோடு தனியாக விட்டிருக்கிறேன்.

நான் கண்ணாடிக்காரியைப் பார்த்தேன்.

"நாங்க உடனே ஆரம்பிக்கல," என்றேன். "நாலு நிமிஷம் அவனத் தொடவே இல்ல. நடிக்கிறான்னு நெனச்சோம். நான்தான் அப்படி நெனச்சேன். அவன் என் தம்பி. என்னைக் கூப்பிட்டான். நான் கிண்டல் பண்ணேன்."

இரண்டு அடி அவள் பக்கம் போனேன்.

"அதனால நீ கேட்டதுக்குப் பதில் எனக்குத் தெரியாது. உடனே ஆரம்பிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒண்ணு எழுதி வச்சுக்கோங்க. நடிக்கிறவனா இருந்தாலும், என் வகுப்பா இருந்தாலும், விழுந்த ஆளை முதல்ல தொடுங்க. நாடி இருக்கான்னு மேடத்தக் கேக்காதீங்க."

சிலர் எழுதினார்கள். கண்ணாடிக்காரி எழுதாமல், போர்வைக்கு வெளியே தெரிந்த பெரியவரின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போகும்போது என் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள்.

அவர்கள் வெளியே போன கதவில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

மழையில் நனைந்த குடையை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். எட்டு மாதத்தில் பாதி ஆளாகிவிட்டாள். தாழ்வாரத்துத் தரையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள்.

"எந்த இடம்டி?"

மூலை உடைந்த தரைக்கல் அவளுக்கு இரண்டடி தள்ளி இருந்தது. விரலை நீட்டினால் போதும். அவள் குனிந்து அதைத் தொட்டுப் பார்ப்பாள், அழுவாள், நான் தோளைப் பிடித்துக்கொள்வேன், இருவரும் வீட்டுக்குப் போவோம். எனக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். சொல்லிவிட்டால் அவளும் இருக்க மாட்டாள்.

"இங்க இல்லம்மா," என்றேன். "உள்ள."

உள்ளே கூட்டிக்கொண்டு போய் மூன்றாம் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். நான் உட்காரவில்லை. சொன்னேன். பவுடரிலிருந்து முந்நூறு வரை, ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். மழைச் சத்தம் மட்டும் மேல் ஜன்னல்களில் கேட்டுக்கொண்டிருந்தது.

முடித்த பிறகு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை.

"உன்னத்தான் கூப்பிட்டானா?"

"ஆமாம்மா."

"பயந்து கூப்பிட்டானா?"

"ஆமா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடே பேசினாள்.

"அவனுக்கு ஒரு வயசு இருக்கறப்ப, காய்ச்சல் வந்தா என்கிட்ட வர மாட்டான். உன்கிட்டதான் வருவான்."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மன்னிச்சிடும்மா."

"இப்பக் கேக்காத. என்னால முடியுமான்னு எனக்கே தெரியல." கண்ணைத் திறந்தாள். "நீ செஞ்சிருக்க வேண்டியது என்னன்னு காட்டு."

"அம்மா..."

"காட்டுடி. நான் செய்யணும். எம்புள்ளைக்கு யாருமே செய்யல இல்ல, நாலு நிமிஷம். காட்டு."

போர்வையை விலக்கினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் மரப்படியைப் போட்டு, கையைப் பிடித்து அவளை ஏற்றினேன். நெஞ்சு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைக்கச் சொன்னேன். அதன் மேல் இன்னொரு கை. விரல்களைக் கோத்துக்கொள். முழங்கை நேராக. அவளுக்குக் கைமூட்டு எல்லாம் வீங்கிக் கிடக்கும். பாட்டில் மூடி திறக்கக்கூட ஆள் தேடுவாள். பொம்மை நெஞ்சு அசையாது என்று தெரிந்துதான் செய்யவிட்டேன். இரண்டு தடவை தள்ளிப் பார்ப்பாள், கை வலிக்கும், இறங்கிவிடுவாள் என்று நினைத்து, கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்து நின்றேன்.

அம்மா அழுத்தினாள்.

நெஞ்சு கீழே போனது. முழுசாகப் போனது. போதிய ஆழத்துக்குப் போனால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். திடகாத்திரமான பையன்களுக்கே பாதி நேரம் வராது. அது வந்தது.

அடுத்த தடவையும் வந்தது. அதற்கடுத்த தடவையும்.

வேகமும் பிசகவில்லை. அம்மாவின் முகத்தில் சிரமமே இல்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. அவள் தோள்கள் அசையவில்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். அழுத்துகிறவர்களுக்குத் தோள் அசையும்.

"போதும்மா. கை வலிக்கும், எடு."

"நான் அழுத்தல," என்றாள். கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள், யாரையோ கலைத்துவிடக் கூடாது என்பது போல. "என் கை மேல கை இருக்கு. நீயா?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் நாலடி இருந்தது.

"நான் இல்லம்மா."

"அப்ப சரி," என்றாள் அம்மா.

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தோலை ஒருவர் அழுத்திப் பிடித்தால் ரத்தம் விலகி அந்த இடம் வெளுக்கும். விட்டால் திரும்பச் சிவக்கும். அம்மாவின் புறங்கையில் நான்கு விரல்களின் அகலத்துக்கு நான்கு கோடுகள் வெளுத்தன. நான் மூச்சை விடுவதற்குள் சிவந்தன. நெஞ்சு கீழே போகும்போது மறுபடியும் வெளுத்தன.